ரோட்டில் போட்ட கொள்ளு

கொள்ளேகாலிலிருந்து மைசூர் போகும் பஸ். பாதி ரோட்டில் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறிப்போனால் மணி உதிரும் என்று. டிரைவர் ஒதுங்கி ஓட்டினார். எனக்கு முன் சீட்டு விவசாயிக்குப் பொறுக்கவில்லை.

"மேல ஏத்திப் போங்க டிரைவர்! தேஞ்சா போயிருவீங்க?"

"உங்க கொள்ளா?" என்றார் பக்கத்தில் இருந்த மைசூர்க்காரர்.

"இல்லீங்க, ஆரோ வெவசாயி. ஒரு ஒத்தாசைதான்."

"மைசூர்ல என்ன வேலை?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போறனுங்க. மருமகன் மொபெட்டுல விழுந்துட்டாரு. கொத்தனாருங்க. முட்டி மடங்காது, இனி சாரம் ஏற முடியாதுங்கறாரு டாக்டரு. எம்பொண்ணு அழுதுக்கிட்டே கெடக்குது."

"எப்படி விழுந்தாரு?"

"ரோட்டுல இதே மாதிரி கொள்ளுச்செடிங்க. பிரேக் போட்டாரு, வழுக்கிருச்சு."

"போட்டவனைச் சும்மாவா விட்டீங்க?"

"நாந்தானுங்க போட்டது."

மைசூர்க்காரர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இனிமேலாவது களத்துல போட்டு அடிங்க சார்."

"களத்துல ஆருங்க மாடு பூட்டி ஓட்டறது? இப்ப எங்கூருப் பாலத்துக்கு அந்தாண்ட ரோட்டுல மாத்திப் போட்டுட்டனுங்க. அந்தப் பக்கம் நம்ம சனம் ஆரும் வண்டியில வர்றதில்லை."