பெற்றோல் பட்டால் கழரவேணும்

இல்லைத் தம்பி, அதைத் திருப்பி உள்ளுக்கை வையுங்கோ. அது நல்ல சாமான். எனக்கு நல்லது வேண்டாம்.

ஓம், விளங்குது. இறுகுறதுக்கு ஹாடனர் கலந்து அடிக்கிறது, பெற்றோலுக்கை ஊறப்போட்டாலும் அசையாது, நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. அதாலைதான் வேண்டாமெண்டுறன். இதே சிவப்பிலை, பெற்றோல் பட்டவுடனை கோழித்தோல் மாதிரிச் சுருங்கிக் கழருற பெயின்ற் ஒண்டு தாங்கோ. கேற்றுக்கு அடிக்கிறது எண்டாலும் பரவாயில்லை.

ஏன் றிகாஸ் தம்பி சிரிக்கிறியள்? மற்றச் சனம் உறுதியானதைக் கேக்குது, நான் உதவாததைக் கேக்கிறன், அவ்வளவுதானே.

எங்கடை வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். பாக்கியரத்தினம், துறைமுகத்திலை கிறேன் ஓடினவர். போன செவ்வாய் உங்களிட்டைத்தான் வந்து இந்த நல்ல ரின்னை வாங்கிக்கொண்டு போனவர். நீங்களும் குடுத்திட்டியள். உங்களிலை பிழை சொல்லேல்லை, உங்கடை தொழில் அது.

அந்த மனுசன் பென்சனிலை வீட்டை வந்து, முதல் ஒரு வருசம் கட்டிலிலை சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தவர் தம்பி. வருத்தம் ஒண்டுமில்லை. டொக்டர் இரத்தம் எடுத்துப் பாத்திட்டு, உங்களைவிட அவர் நல்லா இருக்கிறார் எண்டு என்னைப் பாத்துச் சொன்னவர். சாப்பாடு வைச்சாச் சாப்பிடுவார், வைக்காட்டிக் கேக்கமாட்டார். எனக்குச் சரியான பயமாப் போச்சு. அப்பதான் தம்பலகாமத்திலை என்ரை அண்ணன், கோழிக்கூட்டுக்குப் பின்னாலை கறல் பிடிச்சுக் கிடந்த எம்.டி. நைன்ரி மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்து எங்கடை வீட்டு முத்தத்திலை போட்டவர். அண்டைக்குக் கட்டிலாலை எழும்பினவர்தான்.

எழும்பினது நல்லது. ஆனா என்ரை குசினி போச்சு. பெற்றோல் ராங்கிக்கு எந்தப் பெயின்ற் நிக்கும் எண்டு பரிசோதனையாம். வீட்டிலை கிடந்த கரண்டி முழுக்க எடுத்து, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பெயின்ற் அடிச்சு, ஜாம் போத்தலுகளிலை பெற்றோல் விட்டு ஊறப்போட்டிருக்கிறார். பதினொரு போத்தல். எல்லாத்திலையும் திகதியும் நேரமும் எழுதி ஒட்டியிருக்கு. நான் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை வைச்சுச் சமைக்கிறன். மகள் பிரசாந்தினி மாப்பிள்ளையோடை வந்தவள், தேத்தண்ணி கலக்க ஒரு கரண்டி இல்லை. பாவம், கோப்பையை ஆட்டி ஆட்டிக் குடிச்சிட்டுப் போச்சினம்.

ராங்கிக்கு மூண்டு தரம் அடிச்சு முடிச்சவர். மூண்டு தரமும் காளிகோயிலிலை பூசைக்கு நாள் வைச்சு, சில்லுக்குக் கீழை வைக்கத் தேசிக்காயும் வாங்கினது. மூண்டு தரமும் பூசையண்டு விடியப் பாத்தால், மூடியடியிலை இருந்து பெயின்ற் உரிஞ்சு தொங்கும். தேசிக்காய் எல்லாம் ஊறுகாய் போட்டாச்சு. ஐயர் இப்ப இவரின்ரை நம்பரைக் கண்டால் எடுக்கிறேல்லை.

உங்கடை பெயின்றையும் கரண்டிக்கு அடிச்சு ஆறு நாள் ஊறவிட்டவர். ஒண்டும் நடக்கேல்லை. நானும் சுரண்டிப் பாத்தன், என்ரை நகம்தான் உடைஞ்சது. நாளைக்கு ராங்கிக்கு அடிக்கப்போறார், வெள்ளிக்கிழமை பூசையாம். அதோடை வேலை முடிஞ்சுது. ஓடித் திரிவியளோ எண்டு கேட்டனான். எனக்கு எங்கை போக இருக்கு எண்டு சொன்னவர். கட்டில் அங்கைதான் கிடக்கு தம்பி. சுவரும் அங்கைதான் நிக்குது.

வேறை பழைய மோட்டச்சைக்கிளோ? ஓம், அதுவும் பாத்தாச்சு. கந்தளாயிலை ஒரு ஸ்கூட்டர் கிடக்காம் எண்டு கதை குடுத்தனான். இதோடை போதும், இனி ஏலாது எண்டிட்டார்.

அதாலைதான் கேக்கிறன். நீங்கள் உந்த உதவாததைத் தாங்கோ, இண்டைக்குப் பின்னேரம் அவர் ஐயரைப் பாக்கக் கோயிலுக்குப் போற நேரம் நான் அவரின்ரை ரின்னிலை இருக்கிறதைக் கவிட்டுப்போட்டு இதை ஊத்திவிடுறன். என்ன, இதுக்கு ஹாடனரைக் கலந்தாக் காயாதோ? எத்தினை நாளைக்கு? அப்ப இன்னும் நல்லது. ஒரு கிழமை தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டிருப்பார்.

ஓம், நீங்கள் கேக்கிறது ஞாயம். பெற்றோல் சிந்தாட்டில் உதவாததும் நிக்கும்தான். அவர் ஒரு சொட்டும் சிந்தமாட்டார். முப்பத்திரண்டு வருசம் கப்பலிலை இருந்து சாமான் இறக்கின கை, ஒரு மூட்டை சரிஞ்சதில்லை. மூண்டு தரமும் நான்தான் ஊத்தினனான். காலமை பால் காய்ச்ச எழும்பேக்கை, அந்த ஜாம் போத்தலிலை இருந்துதான்.

அப்பிடிப் பாக்காதையுங்கோ. உரிஞ்சதைக் கண்ட உடனை மனுசன் முத்தத்திலை நிண்டு, இஞ்சரும், ஓடியாரும், வந்து இதைப் பாரும் எண்டு கூப்பிடுவார். அந்த ஒரு வருசம் முழுக்க என்னை ஒருக்காலும் கூப்பிடேல்லைத் தம்பி. சின்ன ரின் காணும், பேப்பரிலை சுத்தித் தாங்கோ.