பாவாடையின் இரண்டாவது தாள்

மேடையில் நடுநாற்காலியில் அமர்ந்திருக்கும் சர்க்கரை ஆலை மேலாளர் அவர்களே, வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தரையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, பாவாடையின் துணைவியார் ஆயம்மாள் அவர்களே,

பாய்லர் ஃபோர்மேன் கொளஞ்சியப்பன் பேசுகிறேன். இனிக்கப் பேச வரவில்லை. இப்போது பாவாடைக்கு அஞ்சலியாக இரண்டு நிமிடம் எழுந்து நின்றோமே, அவர் உயிரோடு இருந்தபோது அவருக்காக நம்மில் யார் எழுந்தோம்?

எஃகுச் சோதனையாளர் பாவாடை அவர்கள் இரும்பை வெட்ட மாட்டார், உடைக்க மாட்டார். சின்ன உருண்டையை அதன்மேல் அழுத்துவார். விழுந்த குழியை அளந்து, எவ்வளவு தாங்கும், எப்போது விரிசல் விடும் என்று சொல்வார். மத்தியான வெயிலில் ஒருமுறை, ஐஸ் வைத்துக் குளிரவிட்டு ஒருமுறை; ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதுவார். எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு நாங்கள் மறியல் செய்த வாரம், பஸ் இல்லாமல், ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, நாங்கள் ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்களைத் தாண்டி ஐந்து மைல் நடந்தே வந்தார். அந்த மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, "கோட்டா வர்றாரு" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். நாங்கள் கேட்டால் உரிமை, ஒதுக்கீட்டில் அவருக்கு வேலை கிடைத்தால் சலுகையா?

பாய்லரில் தண்ணீர் ஏற்றி அழுத்திப் பார்க்கும் நாள் வந்தது. மார்கழி விடியல், கல்வராயன் மலைக் காற்று. மேலாளர் கையில் மத்தியானத் தாள் இருந்தது. தாங்கும் என்றது அது. பாவாடை இரண்டாவது தாளை நீட்டினார்.

"குளுருல இந்த இரும்பு வேறங்க. தண்ணிய சூடு பண்ணிக்கினு ஏத்தலாங்க. ஒரு நாள்தான் ஜாஸ்தி ஆவும்."

மறியலில் தேங்கிய கரும்பு காய்கிறது என்றார் மேலாளர். கோட்டாவில் வந்தவனிடம் பாடம் கேட்கவா என்றும் கேட்டார். பம்பைப் போடச் சொன்னார். போட்டது இந்தக் கை. கசிவு பார்க்க அருகே அனுப்பப்பட்டவர் பாவாடை. மூடித்தகடு கண்ணாடியாய்ச் சிதறியது.

இப்போது விசாரணைக்குப் போயிருக்கும் ஆலையின் அறிக்கை என்ன சொல்கிறது? சோதனையாளர் கணக்குப் பிழையாம். இரண்டாவது தாள் என்று ஒன்று இல்லவே இல்லையாம். அப்படியே சாட்சி சொல்ல எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதோ அந்தத் தாள். "விடியலில் அழுத்த வேண்டாம். பாவாடை." மேலாளர் அவர்களே, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே என் பக்கம் வீசினீர்கள்?

ஆயம்மாள் அம்மா, என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நாளை விசாரணையில் இதைக் கொடுப்பேன். பம்பைப் போட்டவன் நான் என்பதையும் சொல்வேன். புதுத் தகடு வந்ததும் மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். அன்று முதலில் தண்ணீர் சூடாகட்டும். அதுவரை அந்தப் பம்பில் என் கை படாது. வேறு கை படவும் விடமாட்டேன்.