மண் ஒட்டாத மல்லி

அபிராமி: அப்படி உதறாதீங்க, வேர் அறுந்திரும்! வாளித் தண்ணியில முக்கி, விரலால மெதுவா...

யுகேந்திரன்: பத்து வருசமா சுங்கை பூலோவுல நர்சரி நடத்துறேன். மல்லிக் கன்ன எப்படிப் புடிக்கணும்னு வாத்தியாரம்மா சொல்லிக் குடுக்குறீங்க.

அபிராமி: தற்காலிக வாத்தியாரம்மா. பேசாமக் கழுவுங்க. ஒரு பொட்டு மண்ணு இருந்தாலும் செடிக்குப் பெர்மிட் குடுக்குற ஆபீஸர் சாப் அடிக்க மாட்டாரு, முத்திரை இல்லாம பெர்மிட் செல்லாது. மண்ணோட கடல் தாண்டி சரவாக்குக்கு கொண்டுபோக முடியாது.

யுகேந்திரன்: திங்கக்கிழமை அடிச்சுக்கலாமே.

அபிராமி: திங்களும் செவ்வாயும் லீவு. இந்தக் கன்னக் கேட்ட டீச்சருக்கு புதன் காலையில சரவாக் ஃபிளைட். நாலே முக்காலுக்கு கவுண்டர மூடிருவாங்க...

யுகேந்திரன்: மணி மூணுதான் ஆவுது.

அபிராமி: மூணே கால்! ரோட்டுல ஜேம் வேற இருக்கும்.

யுகேந்திரன்: விதைய வாங்கிட்டுப் போகச் சொல்லியிருந்தா இந்தப் பாடே இல்ல.

அபிராமி: மல்லிப்பூவுக்கு ஏதுங்க விதை? நர்சரிக்காரர் பேசுற பேச்சா இது லா?

யுகேந்திரன்: சரி, சரி... ஏன், அங்க பூவே கிடைக்காதாமா?

அபிராமி: டவுன்ல கிடைக்கும். அவங்க ஸ்கூலுக்கு அங்கேருந்து போட்ல ரெண்டு மணி நேரம் போகணும்.

யுகேந்திரன்: அவ்வளவு தூரமா... கல்யாணம் ஆனவங்களா?

அபிராமி: ...ம். மண்ணுக்குப் பதிலா போடுற கொக்கோபீட் ஊறிருச்சா பாருங்க.

யுகேந்திரன்: ஊறிருச்சு. இன்னொரு தண்ணி அலசணும்.

அபிராமி: மூணு தடவ அலசியாச்சே!

யுகேந்திரன்: தேங்கா நார்ல உப்பு இருக்கும். வேர் கருகிரும். பாரு, தண்ணி இன்னும் பால் ஊத்தாத தே-ஓ கலர்ல வருது... புருசனும் கூடப் போறாரா?

அபிராமி: யாரு புருசன்?

யுகேந்திரன்: அந்த டீச்சரோட புருசன்.

அபிராமி: அவருக்கு இங்க தொழில் இருக்கு போல.

யுகேந்திரன்: என்ன தொழிலோ?

அபிராமி: கேக்கல. சட்டிய இப்படித் தள்ளுங்க.

யுகேந்திரன்: போயிட்டு வான்னு சொல்லிட்டாராமா?

அபிராமி: அவருக்கு... இன்னும் தெரியாதாம்.

யுகேந்திரன்: ஓ.

அபிராமி: எப்படிச் சொல்றதுன்னு பயமாம். ஆறு வருசம் காத்திருந்து இப்பதான் நிரந்தர வேலை கெடச்சிருக்கு. வேணாம்னா மறுபடி கூப்பிடுவாங்களா?

யுகேந்திரன்: சொன்னா அந்த ஆளு என்ன, கடிச்சா வெச்சிருவாரு?

அபிராமி: கடிச்சாலும் பரவால்ல. பேசாம இருப்பாரு. அதத்தான் தாங்க முடியாது.

யுகேந்திரன்: அந்த வாளிய இப்படித் தள்ளு.

அபிராமி: மழை வர்ற மாதிரி இருக்கு. பிழிஞ்சு குடுங்க சீக்கிரம்!

யுகேந்திரன்: இன்னும் ஒரே ஒரு தண்ணி.

அபிராமி: அஞ்சாவதா! மணி நாலு ஆகப்போகுது, பன்னெண்டு கன்னுல ஒண்ணு கூட சட்டிக்குப் போகல! இந்தப் பொட்டலத்து உறை எங்க? எத்தன தடவ அலசணும்னு அதுல போட்டிருக்கும்ல...

யுகேந்திரன்: தூக்கிப் போட்டுட்டேன்.

அபிராமி: இதோ, பலகைக்கு அடியில சொருகி வெச்சிருக்கீங்க! 'கழுவியது, நேரா நடலாம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு! ஒரு தடவ கூட அலச வேணாமே!

யுகேந்திரன்: தெரியும்.

அபிராமி: தெரிஞ்சா இவ்வளவு நேரம்...

யுகேந்திரன்: பெர்மிட்ல யாரு பேரு அபி?

அபிராமி: டீச்சர் பேருதான்.

யுகேந்திரன்: அபிராமி ஏ-பி வேலாயுதம்னு, என் மாமனார் பேரையும் சேத்து ஒரு டீச்சர்.

அபிராமி: ...எப்பலருந்து தெரியும்?

யுகேந்திரன்: ஒன்பது நாளா. போஸ்டிங் லெட்டர்ல ஒரு காப்பிய பிரிண்டர்லயே விட்டுட்டுப் போயிட்ட.

அபிராமி: ஒன்பது நாளு! என் கூட உக்காந்து சாப்ட்டுக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டு...

யுகேந்திரன்: நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. கவுண்டர் மூடுற வரைக்கும் அலசிக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சேன். செடி போகலன்னா நீயும் கொஞ்சம் தயங்குவேன்னு... முட்டாள்தனந்தான்.

அபிராமி: ஏங்க... நான் இன்னைக்கி ராத்திரி சொல்லலாம்னு...

யுகேந்திரன்: அழாத. எனக்குக் கோவம் இல்ல. என் சட்டப் பையில ஒரு கடுதாசி இருக்கு, எடு. என் கை ஈரம்.

அபிராமி: என்னது?

யுகேந்திரன்: உன் போஸ்டிங்க மாத்தச் சொல்லி கல்வி இலாகாவுக்கு அப்பீல். மலாய் நல்லாத் தெரிஞ்ச கார்த்திகேசு சாரப் புடிச்சு எழுதிட்டேன். புருசன் இங்க, பொண்டாட்டி அங்க. ஈவு இரக்கம் இல்லாம உன்னைய அவ்வளவு தூரம் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு எல்லாம் எழுதியிருக்கு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.

அபிராமி: என்னைய யாரும் தூக்கிப் போடலங்க... எந்த மாநிலம் வேணும்னு ஃபாரத்துல கேட்டாங்க. மொத இடத்துல சரவாக்னு எழுதுனது நான்தான்.