எழுந்திருக்கச் சொல்லாத விருந்து

டாக்கோ போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். மக்காச்சோள மாவில் சின்னதாக ஒரு ரொட்டி. அதை மடித்து உள்ளே கொத்துக்கறி, வெங்காயம், தக்காளி, கொஞ்சம் சீஸ். பஹ்ரைனில் ஓர் ஓட்டல் அடுக்களையில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். தென்காசியில் இதை எவன் தின்பான் என்று என் வீட்டுக்காரியே சிரித்தாள். குற்றாலம் ரோட்டில் கடையைப் போட்டேன், காலேஜ் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பரோட்டா விலைதான். சீசனில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களுக்குக் கறி சூடாக இருந்தால் போதும், வேறு குறை சொல்ல மாட்டார்கள்.

உமாராணி என் அண்ணன் தங்கசாமியின் மகள். வடகரைப் பையன் சந்தோஷ்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். பையன் நல்லவன்தான், ஸ்கேன் சென்டரில் வேலை. ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. அன்றிலிருந்து அண்ணன் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தால் ரெண்டு பேரையும் உயிரோடு விடமாட்டேன் என்று எங்கள் ஊர் கடையத்தில் கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கோபத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"சித்தப்பா, சீசனுக்கு வந்திருக்கோம். ஒங்க கடைக்கு வரட்டுமா? அப்பாட்ட சொல்லிராதீய."

"வா தாயி. ஒனக்கு நான் விருந்து வைக்காண்டாமா?" என்றேன்.

போனிலேயே அழுதுவிட்டாள். புது ஜோடியைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைப்பது எங்கள் வழக்கம். இவர்களை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. நான் மனதாரத்தான் கூப்பிட்டேன், சார். அண்ணனுக்குப் போன் போட்டது அதற்குப் பிறகுதான்.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இவளுக்கு நான் சோறு போட்டேன் என்று தெரிந்தால் அவளைப் பெண் கேட்டு எங்கள் ஆட்களில் யார் என் படி ஏறுவார்கள்? அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாங்க வருத வரைக்கும் எந்திரிக்க விட்ராதலே." பேசத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளாவிட்டால் என்னால் அடுப்புப் பற்றவைத்திருக்க முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். விருந்து என்று சொன்னதால் அவள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். டாக்கோ கடைக்குப் பட்டுச் சேலை! அவன் பழமும் பூவும் வாங்கி வந்திருந்தான். ரெண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். நல்லா இருங்க என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

"மாமா, வண்டிய அங்கனயே நிப்பாட்டலாமா?" என்று அவன் கேட்டான். மாமா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், கோபப்படவில்லை. நான் ஓரமா நிப்பாட்டுதேன் என்று சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மேசையில் வாழை இலை விரித்து அதில் டாக்கோவை வைத்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மற்ற ஆட்கள் போனதும், புதிதாக வந்தவர்களிடம் கறி தீர்ந்துவிட்டது என்றேன். சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். சாரல் அடிக்கத்தான் செய்தது.

"போதும் மாமா. இருட்டிட்டு, கெளம்புதோம்," என்று அவன் எழப் பார்த்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சும்மா இருங்க. சித்தப்பா சொல்லாம விருந்துல எந்திரிக்கக் கூடாது."

எங்கள் பக்கம் அப்படித்தான். விருந்து வைக்கிறவர் சொன்ன பிறகுதான் ஜோடி இலையை விட்டு எழும். அவன் அந்த மரியாதைக்காக உட்கார்ந்தான். பாவமாகத்தான் இருந்தது. நான் இன்னொரு ரொட்டியைக் கல்லில் போட்டேன்.

"ஏன் சித்தப்பா, ரோட்டையே பாக்கீய?"

"ஒண்ணுமில்ல தாயி. மழ வலுக்குதான்னு பாத்தேன்."

கார் வந்து நின்றது. ஷட்டருக்குக் கீழே கால்கள் தெரிந்தன. பெற்ற அப்பாவின் செருப்பு மகளுக்குத் தெரியாதா? அவள் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் அடுக்களைக் கதவு திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் வயல், ஓடினால் பிடிக்க முடியாத இருட்டு. நான் அந்த வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சித்தப்பா, எந்திரிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நகர்ந்து நின்று, எந்திரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இன்னும் ஒண்ணு சாப்பிடு தாயி," என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அரிவாள் என் கையில் இல்லை. ஆனால் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சார். விருந்துக்கு வந்த பிள்ளையைப் பசியோடு அனுப்பினான் என்று நாளைக்கு என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.