தமிழ் வாசிக்கத் தெரியாத வீடு

காலை நேரத்து ஹார்பர் லைன் ரயில், லேடீஸ் டப்பா. செம்பூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் முதுகோடு ஒட்டி நின்றார்கள். மூத்தவள் சொன்னதைக் கேட்டதும் என் செல்போனை அணைத்துவிட்டேன்.

“வீட்டுல ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதுட்டி. அந்தத் தைரியத்துலதான் ப்ளாக் ஆரம்பிச்சேன்.”

“அண்ணனுக்குமாக்கா?”

“அவுகளும் இங்கனயே பொறந்து ஹிந்தி ஸ்கூல்ல படிச்சவுகதான? நான் ஊர்ல பத்தாவது வரைக்கும் படிச்சேன்லா. மாமியாரப் பத்தி, அவுகளப் பத்தி, மனசுல உள்ளத பூராவும் எழுதுதேன். ஒருத்தரும் ஏன்னு கேக்க முடியாது.”

“பெறவென்ன, நிம்மதிதான?”

“ப்ளாக்க போட்டுக் குடுத்ததே எம்மவதான். என்ன எழுதுனாலும் மொத ஆளா ஹார்ட் போட்டுருவா. எங்க மம்மி ரைட்டர்னு காலேஜ் பூராவும் சொல்லி வச்சிருக்கா.”

“நல்ல பிள்ளைல்லா.”

“நேத்து, ‘எனக்கு வாழவே பிடிக்கல’ன்னு எழுதுனேன்.”

குர்லாவில் கூட்டம் ஏறித் தள்ளியது. இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கும் ஹார்ட் போட்டுருக்கா. கீழ ஹிந்தியில, ‘சூப்பர் மம்மி, இன்னும் நெறைய எழுது’ங்கா.”