ஆஸ்துமா பம்பை அடித்துக் காட்டச் சொன்ன தவமணி மிஸ்

தலைமை வகிக்கும் ஜமால்தீன் ஹாஜியார் அவர்களே, மேடையிலுள்ள பெரியோரே, பல்லேபொலயிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்! அஸ்ஸலாமு அலைக்கும்!

மறைந்த மருந்தாளர் தவமணிதேவி அம்மையாரைப் பற்றி அழுதுகொண்டு பேச எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் அது பிடிக்காது. "அழுதா மூச்சு முட்டும், பிறகு பம்பைத் தேடோணும்" என்பார். ஆகவே சிரித்தே வழியனுப்புவோம்.

1999ஆம் ஆண்டு. நான் படிப்பை முடித்து, மிஸ் வேலை செய்த மருந்துக்கடையின் கவுண்டருக்கு வந்த புதிது. ஆஸ்துமா பம்ப் ஒன்றின் விலை, மிளகு பறிப்பவரின் நான்கு நாள் கூலி. அதே மருந்து, கம்பெனியின் பெரிய பெயர் மட்டும் இல்லாமல், ஒரு நாள் கூலிக்கு வந்தது. ஊரே வாங்கியிருக்க வேண்டாமா? வாங்கியது! ஒரே மாதத்தில் பதினொரு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடை முதலாளி பாறூக் நானா, அதோ முன்வரிசையில் இருக்கிறார், "சனிக்கிழமையோட இந்த மலிவுச் சாமான நிப்பாட்டுறேன்" என்றுவிட்டார்.

திருப்பிக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஹிதாயா உம்மாவிடம் நான் பாய்ந்தேன். "ரெண்டும் ஒரே மருந்து. ஒரே அளவு, நூறு மைக்ரோகிராம். இதுல என்ன சந்தேகம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மகன். வேல செய்யல்ல. இழுப்பு அப்பிடியே இருக்கு."

மிஸ் என்னை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். "உம்மா, ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ."

உம்மா கழுத்துக்குக் கீழே புஸ், புஸ் என்று இரண்டு தரம் அடித்து, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தார்!

சிரியுங்கள். அன்று நானும் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னம் பம்ப் பாவிச்சிருக்கிறீங்களோ?"

"அந்த வெலைக்கு எங்கட கைக்கு அது எங்க வந்த? இதுதான் மொதல்."

"எப்பிடி அடிக்கிறதெண்டு பெட்டிக்குள்ள கடதாசியில் எழுதியிருக்கே" என்றேன்.

"இங்கிலீசில எழுதிக் கிடக்கு தம்பி. நீர் காட்டினீரோ?"

"கியூ நீளமா இருந்தது மிஸ்."

மருந்தில் என்ன குறை? ஒன்றுமில்லை! குறை கவுண்டருக்கு உள்ளே நின்றது. அது நான்.

குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, உள்ளே இழுக்கும்போது அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடிக்க வைத்தார் மிஸ். கொஞ்ச நேரத்தில் உம்மா நிமிர்ந்தார். "அல்லாஹ்வே! ஒரு மாசமா நான் தோலுக்கா வைத்தியம் பாத்தேன்?" கியூ முழுக்கச் சிரிப்பு.

மற்றப் பத்துப் பேரையும் தேடி மிஸ் அவர்களுடைய ஊரான பல்லேபொலவுக்கு பஸ்ஸில் புறப்பட்டார். பை நிறைய உலோகக் குப்பிகளைக் கண்டு சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரர் குண்டோ என்று பின்வாங்க, அவருக்கும் அடித்துக் காட்டினார். தன் அம்மாவுக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டே அந்த ஆமிப் பையன் பஸ்ஸைப் போக விட்டான்! சனிக்கிழமை பாறூக் நானா மலிவு பம்பை நிறுத்தினாரா? இரட்டிப்பாக ஓடர் போட்டார்!

தவமணி மிஸ், உங்கள் முன்னே சொல்கிறேன். அந்த பம்ப் நம் அலுமாரியில் தீராது. கியூ வீதிவரை நீண்டாலும், அடித்துக் காட்டாத ஒருவரையும் நான் அனுப்ப மாட்டேன்.

இனி மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, பத்து வரை பிடித்திருப்போம். ஹிதாயா உம்மா, நீங்கள் எண்ணுங்கள்.