ராக்காயிக்கு முனி பிடித்த விதம்

எங்கள் ஆத்தா ராக்காயி கருவாட்டுக் குழம்பு வைத்தால் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். அவளைக் கெட்டவள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, ஐயா. கொஞ்சம் பிடிவாதக்காரி, அவ்வளவுதான்.

அப்பா கங்காணியாக இருந்தபோது கொத்மலைப் பக்கம் அரை ஏக்கர் காணி வாங்கி ஆத்தா பேரில் எழுதி வைத்தார். தோட்டத்து ஆட்கள் எங்களையெல்லாம் அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. நான் கொழும்பைக்கூடப் பார்க்காதவன். சொந்தக் காணி கையில் இருந்தால் என்னை யார் அசைக்க முடியும் என்று தோன்றியது. என் பேருக்கு மாற்றித் தரும்படி ஆத்தாவிடம் கேட்டேன்.

"நான் கண்ண மூடுனதும் ஒனக்குத்தானடா வீரய்யா. அதுவரைக்கும் எம் பேர்லயே இருக்கட்டும்" என்றாள்.

அதுவரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குச் சோறு போட வேண்டாம் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். நாங்கள் மலைக்கு வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டினோம். பசித்தால் கைநாட்டு வைப்பாள் என்று நினைத்தேன். அவளோ கதவிடுக்கு வழியாகத் தோட்டத்துச் சங்கத் தலைவர் பொன்னையாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அவர் கொதித்துப் போனார்.

"பெத்தவள பட்டினி போட்டா கேக்க நாதியில்லன்னு நெனச்சியா? ஞாயித்துக்கெழம ஆத்தாள ஹட்டன் பொலிசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் பாரு."

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி நிற்கும்போது, போன வாரம் ஆற்றோரம் விறகு பொறுக்கப் போன ஆத்தாவை முனி பிடித்துவிட்டது, அதனால்தான் பூட்டி வைத்தோம் என்று சொல்லி அழுதேன். கண்ணீர் நிஜமாகவே வந்தது. அன்று கதவைத் திறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு லெட்சுமி கொடுத்த ரொட்டியை ஆத்தா இரண்டு கையாலும் பிய்த்து வாயில் திணித்தாள். "ஆத்தி, முனியில்ல திங்குது" என்று லெட்சுமி பின்வாங்கினாள். பொன்னையாவும் பார்த்தார். முனி பிடித்தவர் எதைச் சொன்னாலும் பேசுவது முனிதான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. முதலில் பூசை, பொலிஸ் பிறகு என்று அவரே சொல்லிவிட்டார்.

ஹட்டனுக்குப் போகவேண்டியவளை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தூக்கிப் போனோம். பொன்னையா அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். பூசாரி மூக்கன் பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிப் பிரம்பால் அடித்தார்.

"யாரு நீ? சொல்லு!"

"ராக்காயி சாமி. காணிக்காக எம் மகன் என்னயக் கொல்றான்."

"பொய் சொல்லுது" என்றது கூட்டம். பிரம்பு மறுபடி இறங்கியது. அவள் கண்கள் என்னைத் தேடின.

"அய்யா வீரய்யா, நீயாவது சொல்லுடா, நான் ஒங்காத்தான்னு. காணிய எடுத்துக்கடா. எங்க வேணாலும் கைநாட்டு வைக்கிறேன்."

மூக்கன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அங்கேயே முடித்திருக்கலாம். முடித்தால் அவள் அதுவரை சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். நானும் பிள்ளைகளோடு அந்த லயத்தில்தானே இருந்தாக வேண்டும்.

"இது எங்காத்தா கொரலே இல்லீங்க. விட்றாதீங்க" என்றேன்.

அந்தி சாய்வதற்குள் ஆத்தாவின் மூச்சு அடங்கிவிட்டது. பூசாரியை விட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் முனியைத்தான் அடித்தார். அடி ஆத்தா மேல் விழுகிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.